கடலுக்குப் போன பாலம்

மந்திரி வந்துவிட்டார். வாழைமரம் கட்டிய வளைவு தயாராக இருந்தது. வளைவின் குறுக்கே சிவப்பு நாடா இருந்தது. நாடாவை வெட்டும் கத்தரிக்கோல், அதற்கும் ஒரு சந்தனப் பொட்டு வைத்து, பித்தளைத் தாம்பாளத்தில் இருந்தது. நாடாவுக்குப் பின்னால் இருக்க வேண்டிய பாலத்தை மட்டும் காணவில்லை.

பாலம் இருந்த இடத்தில் கால்வாய்த் தண்ணீர் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அக்கரையில் கதர் ஜிப்பாவில் மந்திரி. அவர் பக்கத்தில் எங்கள் நிவாரண ஆபீசர். பின்னால் போட்டோக்காரர்கள், ஒரு போலீஸ்காரர். இக்கரையில் காகிதக் கொடி பிடித்த என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், அவர்களுக்கு முன்னால் நான்.

மந்திரி தலை தெரிந்ததும் வரவேற்புப் பாட்டைப் பாட வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தேன். தெரிந்தது, பாடினார்கள். பாலம் இல்லாதது பிள்ளைகளுக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை.

ஆபீசர் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை. முந்தின நாள் சாயங்காலம் அவரே அந்தப் பாலத்தின்மேல் பூட்ஸ் காலால் மிதித்து மிதித்து நடந்து பார்த்து, "நல்ல உறப்பு" என்று மலையாளத்தில் அதன் உறுதியை மெச்சிவிட்டுப் போனவர். ஊர் மாறி வந்துவிட்டோமோ என்று வளைவை ஒரு தரம், எங்களை ஒரு தரம் பார்த்தார்.

"பாலம் எவிடெ?" என்று மந்திரி கேட்டார். சாந்தமாகத்தான் கேட்டார். அதுதான் பயமாக இருந்தது.

பாலம் எங்கே இருக்கிறது என்பது இக்கரையில் நின்ற எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்று சொல்வதற்கு நான் புயலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

காற்று கொண்டுபோனது

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எங்கள் பக்கத்துக்கு இன்னும் திருவனந்தபுரம்தான் தலைநகரம். மண்டைக்காட்டுக்கு மேற்கே, கடலுக்கும் கால்வாய்க்கும் நடுவில் கிடந்த ஒரு கரையூரில் எனக்கு வாத்தியார் வேலை. கோட்டாறு கம்போளத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்தவரின் மகள் நான். வெங்காயம்கூட வெள்ளிக்கிழமை சேர்க்காத வீடு. அங்கிருந்து கொண்டுவந்து மீன் காயப்போடும் மணலில் என்னை விட்டார்கள். முதல் மாதம் முழுக்க மூக்கைப் பொத்திக்கொண்டுதான் பாடம் நடத்தினேன்.

நான் குடியிருந்த அறைக்கு அடுத்த வீடு தெரசம்மையுடையது. மீன் கடவத்தைத் தலையில் வைத்துத் தக்கலை வரைக்கும் ஓட்டமும் நடையுமாகப் போய் விற்றுவிட்டு வருகிறவள். அவள் குரல் கால்வாயைத் தாண்டிக் கேட்கும். அவள் புருஷன் சூசை கடலுக்குப் போகிறவர். தெரசம்மை பேசுகிற பேச்சுக்கு அந்த வீட்டில் இன்னொருத்தர் பேச வேண்டிய தேவை இல்லாததால் அவர் பேசுவதில்லை.

அந்த வருஷம் ஐப்பசி கடைசியில் காற்று வந்தது. காலையில் வெயில் மஞ்சளாக அடித்தது. மத்தியானம் மாதா கோயில் மணி யாரும் இழுக்காமல் தானே அடித்தது. பொழுது சாய்வதற்குள் பள்ளிக்கூடத்து ஓலைக்கூரை தென்னந்தோப்பு மேலே பறந்து போவதை நானே பார்த்தேன். கடல் ஊருக்குள் ஏறி வந்து, எல்லா வீட்டையும் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று.

ஆட்கள் கோயிலுக்குள் ஏறிக்கொண்டதால் உயிர் தப்பினோம். மற்றதெல்லாம் போயிற்று. கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரித்தது. அழுகின ஓலை நாற்றம் வாரக்கணக்கில் சேலையை விட்டுப் போகவில்லை. கால்வாய்மேல் இருந்த பழைய பாலம் அடியோடு போய்விட்டது. அந்தப் பக்கம் ரோடு, இந்தப் பக்கம் நாங்கள், நடுவில் இடுப்பளவு தண்ணீர்.

கட்டுமரம் என்றால் என்ன

இந்த இடத்தில் வாசகர்களுக்கு ஒரு பாடம் நடத்தியாக வேண்டும். பழக்க தோஷம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

படத்தில் பார்த்தவர்கள் கட்டுமரத்தை ஒரு படகு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது கடலில் இருக்கும்போதுதான் கட்டுமரம். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, நாலைந்து தடிகளையும் தனித்தனியாக மணலில் உலர்த்திவிடுவார்கள். இல்லாவிட்டால் தடி தண்ணீர் குடித்துக் கனத்துப்போகும். மறுநாள் விடியலில் திரும்பக் கட்டுவார்கள். அவர்களுக்கு அது நாம் தலை பின்னுகிற மாதிரி.

புயலில் வலை கிழிந்துபோயிற்று, பாய் போயிற்று, கயிறு மொத்தமும் போயிற்று. தடிகள் மட்டும் தோப்பு தோப்பாகச் சிதறிக் கிடந்து, தேடித் தேடிக் கிடைத்தன. இது உன் தடி, அது என் தடி என்று சண்டை வந்துவிடக்கூடாதே என்று பங்குச் சாமியார் ஒரு யோசனை சொன்னார். கயிறு கிடைக்கிறவரை எல்லாத் தடியையும் கால்வாய்க்கரையில் ஒரே இடத்தில் வையுங்கள் என்றார். வைத்தார்கள். நீளம் பார்த்து, பருமன் பார்த்து, வரிசை வரிசையாக அடுக்கினார்கள். வேறு வேலை இல்லாததால் கொஞ்சம் அதிகமாகவே அழகாக அடுக்கிவிட்டார்கள். வினை அங்கே ஆரம்பித்தது.

வக்கீல்கள் கரை

முதலில் வந்த நிவாரணம் துணி. திருவனந்தபுரத்தில் புண்ணியவான்கள் வீடு வீடாகப் போய்ச் சேகரித்து அனுப்பியிருந்தார்கள். மூட்டையைத் தலையில் வைத்து நீந்தாத குறையாக எங்கள் ஆட்கள் கடத்திக்கொண்டு வந்தார்கள். பிரித்தால், பாதிக்கு மேல் கறுப்புக் கோட்டு. எந்தக் கோர்ட்டில் கேட்டார்களோ தெரியாது.

கிடைத்ததை விடுவானேன்? கார்த்திகைப் பனி வேறு. ஒரு வாரத்தில் கரை முழுக்க வக்கீல்கள். கோட்டுக்குக் கீழே கோவணம், கையில் கிழிந்த வலை. சூசையின் கோட்டுக்குள் பையில் ஒரு பேனா மூடிகூட இருந்தது. அதை அவர் பத்திரமாகவே வைத்திருந்தார்.

அதற்குப் பிறகு ஆபீசர் வந்தார். வயது நாற்பது இருக்கும். யுத்தத்தில் பர்மா எல்லை வரை போய்வந்தவர். கெட்டவர் என்று என்னால் சொல்ல முடியாது. பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு கால்வாயில் இறங்கி வந்தார். கொடுத்த இளநீரைக் கும்பிட்டு வாங்கிக் குடித்தார். பிறகு, உடைந்த படகுகளைக் காட்டுங்கள் என்றார். ஒவ்வொரு உடைந்த படகுக்கும் நஷ்ட ஈடு உண்டாம், ஆனால் படகைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம்.

கட்டுமரம் எப்படி உடையும்? அது அவிழத்தானே செய்யும்?

"ஒண்ணும் ஒடையலெ சாரே. கயிறுதான் போச்சு. கயிறு தந்தா நாளைக்கே தொழிலுக்குப் போயிருவோம்" என்றாள் தெரசம்மை.

"கயிறு நிவாரணத்தில இல்லா. அரி உண்டு, துணி உண்டு, மண்ணெண்ணெ உண்டு" என்றார் ஆபீசர், பாதி மலையாளத்தில். அரி என்றால் அரிசி.

"ஏன் சாரே, தூக்குப் போடவா கயிறு கேக்குதோம்? தொழிலுக்காக்கும்!"

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே திரும்பியபோது கால்வாய்க்கரையில் அடுக்கி வைத்த தடிகளைக் கண்டார். அவர் கண் விரிந்ததை நான் பார்த்தேன்.

"ஈ தடி எல்லாம் ஆருடெயா? நல்ல ஒண்ணாந்தரம் அடுக்கு!"

"அதுதான் சார் இவங்க கட்டுமரம்" என்றேன் நான்.

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "டீச்சர், இது மரம். படகு அல்ல. புயல்ல ஒதுங்கின தடி சர்க்காருக்குள்ளதாணு."

என் அப்பாவுக்கு ஒரு கொள்கை இருந்தது. யுத்த காலத்தில் அரிசி சோதனைக்குக் கடைக்கு வருகிற அதிகாரிகளைச் சமாளித்துச் சமாளித்து உருவானது. சர்க்கார் ஆள் எது கேட்டாலும் முதலில் 'ஆமா' சொல்லு, கேள்வி என்ன என்பதைப் பிறகு நிதானமாகத் தெரிந்துகொள் என்பார். ஒரு தடவை எங்கள் கடையில் எலி உண்டா என்று ஒருவர் கேட்க, அப்பா 'ஆமா, நல்ல ரகம்' என்று சொல்லி மாட்டிக்கொண்டதும் உண்டு. அன்றைக்கு எனக்கு அப்பா ஞாபகம் வரவில்லை. 'ஆமா' சொல்லாமல் ஆபீசரோடு ஒரு மணி நேரம் வாதாடினேன். தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

முதலில் பாதை

ஆபீசரிடம் ஒரு தத்துவம் இருந்தது. ஐந்தாண்டுத் திட்டம் என்ற பேச்சு அடிபட்ட காலம் அது. தேசத்துக்கு எது முதலில் என்பதில் எல்லாருக்கும் ஒரு கருத்து இருந்தது.

"ஒரு ராஜ்யம் முதல்ல என்ன செய்யணும் டீச்சர்? பாதை போடணும். பாதை உண்டெங்கில் லாரி வரும். லாரி உண்டெங்கில் அரி வரும். மனுஷனெ பின்னெ நோக்காம்" என்றார்.

மனுஷனைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் மனசறிந்து சொல்லவில்லை. வரிசை அப்படி வந்துவிட்டது.

பர்மாப் பக்கம் பட்டாளத்தில் மிதவைப் பாலம் போட்டதை அவர் பார்த்திருக்கிறார். இங்கே மிதக்கிற தடி மலைபோல் கிடக்கிறது. அவருக்குக் கை சும்மா இருக்குமா? இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை தடிகளை மிதக்கவிட்டுச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை போட்டால் பாலம். லாரி அக்கரையில் நிற்கும், மூட்டை பாலத்தில் வரும். நிரந்தரப் பாலம் பின்னால் வரும், அப்போது தடியைத் திருப்பித் தந்துவிடுவோம் என்றார்.

கட்டுவதற்குக் கயிறு வேண்டுமே? வந்தது. குளச்சலிலிருந்து ஒரு லாரி நிறையப் புத்தம்புதுத் தென்னங்கயிறு வந்து இறங்கியது. நிவாரணத்தில் இல்லாத கயிறு பாலத்தில் இருந்தது. அந்தக் கயிற்று வாசனையை முகர்ந்துகொண்டு சூசை வெகுநேரம் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

கட்டுவதற்கு ஆள் வேண்டும். எங்கள் ஆட்களைவிடத் தடி கட்டத் தெரிந்தவர்கள் யார்? கூலிக்கு அரிசி தருவதாகச் சொன்னார்கள். இப்படியாக, கோட்டுப் போட்ட வக்கீல்கள் தங்கள் படகுகளைத் தங்கள் கையாலேயே பாலமாகக் கட்டி, அதற்குக் கூலியும் வாங்கினார்கள். தெரசம்மை கரையில் நின்று வைத வசவுகளில் ஒன்றைக்கூட இந்தப் பத்திரிகையில் அச்சடிக்க முடியாது. ஆபீசருக்கு அவை விளங்கவில்லை. உற்சாகப்படுத்துகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

பாலத்தில் ஏறி முதலில் ஊருக்குள் வந்தது அரிசி இல்லை. மலைத்தோட்டத்துக் கங்காணி. அதுவரை வேட்டி நனைகிற தண்ணீரில் இறங்க அவனுக்கு மனசில்லை. இப்போது வெள்ளை வேட்டி நலுங்காமல் வந்து, வீடு வீடாக ஏறி, தோட்ட வேலைக்கு ஆள் பிடித்தான். வீட்டோடு வந்தால் லயத்து வரிசை வீட்டில் அறை, தனியாக வந்தால் மாதம் தவறாமல் பணம் என்றான். கடலுக்குப் போக வழியில்லாத ஊரில் அவனுக்கு என்ன கஷ்டம்? நாலு குடும்பம் அந்த வாரமே கிளம்பிவிட்டது.

சூசையும் தலையாட்டிவிட்டார். கிறிஸ்மஸ் கழிந்ததும் வருகிறேன் என்று சொல்லியிருந்தார். அவர் ஒரு வருஷத்தில் பேசுகிற பேச்சில் பாதியை அதற்குச் செலவழித்திருந்தார்.

அன்றைக்குத்தான் தெரசம்மை அழுது நான் பார்த்தேன். அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து, சத்தமே இல்லாமல் அழுதாள். அவளிடம் சத்தம் இல்லாதது எனக்குத் தாங்கவில்லை.

"அவியளுக்கு மண்வெட்டி புடிக்கத் தெரியாது மக்கா. குன்னு ஏறுனா மூச்சு முட்டும். கடலெப் பாக்காம ஒரு நாளு இருந்ததில்லெ. அங்க போனா ஆளு திரும்பி வரமாட்டாவ."

வெளியே கடலில் சாளை மீன் வந்திருந்தது. புயலுக்குப் பின்னால் அப்படி ஒரு சாளை வரவு வருமாம். கரையிலிருந்தே தெரிந்தது. தண்ணீர் கறுத்து, அதன்மேல் பறவைகள் விழுந்து விழுந்து எழும்பின. போய்ப் பிடிக்க ஊரில் ஒரு கட்டுமரம் இல்லை. எல்லாம் பாலமாகக் கிடந்தன.

கட்டினவர்கள்

பாலம் திறப்புக்காகக் காத்துக் கிடந்தது. மந்திரி வந்து திறந்தால்தான் பாலம் முறைப்படி பாலமாகும். அதுவரை ஒரு தடியைக்கூடத் தொடக்கூடாது என்று உத்தரவு. காவலுக்கு ஒரு போலீஸ்காரரைப் போட்டார்கள். மந்திரிக்குச் சட்டசபை வந்தது. பிறகு ஜலதோஷம் வந்தது. தேதி தள்ளித் தள்ளிப் போயிற்று.

ஆபீசர் தினமும் மேற்பார்வைக்கு வருவார். நாகர்கோவிலில் சாப்பிட்டுவிட்டு, சற்றுக் கண்ணயர்ந்துவிட்டு வருவார். எப்படியும் மத்தியானம் தாண்டிவிடும். லாரியும் அவருக்குப் பின்னால்தான் வரும்.

இதை முதலில் கவனித்தவள் தெரசம்மை. ஒரு சாயங்காலம் சூசைக்கு முன்னால் போய் நின்றாள். நானும் கூட இருந்தேன்.

"ஓய், அந்தப் பாலத்தெக் கெட்டுனது ஆரு?"

சூசை நிமிர்ந்து பார்த்தார்.

"கெட்டுனவனுக்கு அவுக்கத் தெரியாதா? விடியக்காலத்தெ அவுத்துத் தொழிலுக்குப் போவும். உச்சைக்குள்ள வந்து திரும்பக் கெட்டிப் போடும். அந்த ஆபீசரு வாறப்ப பாலம் கெடக்கும். வேற ஆரு கேக்கப் போறா?"

"போலீசு?" என்றார் சூசை.

"அந்தாளுக்கு நான் மீனு குடுத்துக்கிடுதேன்."

சர்க்கார் சொத்தில் கை வைத்தால் ஜெயில் என்று சொன்னேன். "ஜெயிலு தக்கலையிலதான இருக்கு. மலைய விடப் பக்கமாக்கும்" என்றாள் தெரசம்மை.

மறுநாள் விடியலில் பாலம் கடலுக்குப் போயிற்று. இரண்டு பேர் ஒரு தடியாகத் தோளில் தூக்கிக்கொண்டு மணல்மேட்டைத் தாண்டிப் போனார்கள். அதே தடி, அதே கயிறு. வலையை ஒட்டுப்போட்டிருந்தார்கள். பாய்க்கு நிவாரண வேட்டிகளைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். மத்தியானத்துக்குள் சாளையோடு வந்து, மீனை இறக்கி, கட்டுமரத்தை அவிழ்த்து, பாலத்தைக் கட்டினார்கள். ஆபீசர் வந்தார், மிதித்துப் பார்த்தார், "நல்ல உறப்பு" என்றார். பலகையில் மீன் செதிள் ஒட்டியிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

இது தினமும் நடந்தது. போலீஸ்காரருக்குக் காலையில் பாலம் தேவைப்படவில்லை. மத்தியானம் மீன் தேவைப்பட்டது. அடுப்புகள் எரிந்தன. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தூங்கி விழுவது நின்றது. கங்காணி கிறிஸ்மஸ் கழிந்து வந்தபோது சூசை கடலில் இருந்தார். கங்காணி காலையில் வந்ததால், வெள்ளை வேட்டியோடு அக்கரையிலேயே நின்றுவிட்டுத் திரும்பிப் போனான். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

மந்திரி காத்திருந்தார்

மந்திரி சாயங்காலம் வருவதாகத்தான் சொல்லியிருந்தார்கள். பிள்ளைகளை ஒத்திகைக்காகக் காலையிலேயே கொடியோடு கரைக்கு அழைத்து வந்திருந்தேன். மந்திரி என்றால் தாமதமாக வருவார் என்று நம்பித்தான் எங்கள் ஆட்கள் அன்றும் கடலுக்குப் போனார்கள். களியக்காவிளைப் பக்கம் இருந்த கூட்டம் ரத்தாகி, அவர் காலையிலேயே வந்து தொலைத்துவிட்டார்.

"பாலம் எவிடெ?" என்று அவர் இரண்டாம் தடவை கேட்டார்.

போலீஸ்காரர் தென்னை மரத்தின் குலைகளைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் வரவேற்புப் பாட்டை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். திருட்டுக் கேஸ் என்று ஆகிவிட்டால் தடி போகும், சூசை ஜெயிலுக்குப் போவார், மிச்சமிருக்கிற குடும்பங்கள் மலைக்குப் போகும். வேலையை விட்டு நானும் கோட்டாற்றுக்குப் போய்க் கடையில் பருப்பு நிறுக்க வேண்டியதுதான்.

தெரசம்மை கடவத்தைக் கீழே வைத்தாள். தண்ணீர் ஓரம் வரை போனாள்.

"பாலம் கடலுக்குப் போயிருக்கு சாரே! இப்பம் வந்திரும்!"

"கடலிலேக்கோ?" என்றார் ஆபீசர்.

"ஆமா. அது எங்களுக்கக் கட்டுமரமாக்கும். அன்னைக்குச் சொன்னா நீங்க கேக்கலெ. நீங்க உச்சை கழிஞ்சுதான வருவிய? அதுவரெ பாலம் சும்மாதான கெடக்கு? எங்களுக்க வயிறு சும்மா கெடக்குமா? தெனமும் கொண்டாந்து கெட்டித்தான போடுதோம்? ஒரு தடி கொறைஞ்சிருந்தா எனக்கக் கையெ வெட்டுங்க!"

மந்திரி மெதுவாகத் திரும்பிப் போட்டோக்காரர்களைப் பார்த்தார். பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது, அவர் பாலத்தைத் திறந்துவைத்துவிட்டதாக அன்று காலைப் பத்திரிகையில் செய்தி வந்து, அந்தப் பத்திரிகை அவர் காரிலேயே கிடந்தது. முந்தின நாளே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். திறந்த பாலம் களவுபோய்விட்டது என்று எந்த மந்திரி சொல்வார்?

"காத்திருக்காம்" என்றார் மந்திரி. நாற்காலி கேட்டு வாங்கி, வளைவின் கீழ் உட்கார்ந்துகொண்டார்.

வெயில் ஏறியதும் பாய்கள் தெரிந்தன. கரையேறி, தடிகளைத் தோளில் சுமந்து, மணல்மேட்டுக்கு மேலே வரிசையாகக் கறுப்புக் கோட்டுகள் வந்தன.

"வக்கீலன்மாரோ?" என்று மந்திரி எழுந்து நின்றுவிட்டார்.

"அல்ல சார், மீன் பிடிக்கிறவர்" என்றார் ஆபீசர். அவர் அழுகிற நிலையில் இருந்தார்.

எங்கள் ஆட்கள் மந்திரியைப் பார்த்துத் திகைத்தார்கள். ஓடவில்லை. ஓட எங்கே இடம்? தெரிந்த ஒரே வேலையைச் செய்தார்கள். தண்ணீரில் இறங்கித் தடிகளைச் சேர்த்துக் கட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு பீரியடு முடிகிற நேரத்துக்குள் நாடாவுக்குப் பின்னால் பாலம் வந்துவிட்டது. மந்திரி கைதட்டினார். மந்திரி தட்டியதால் எல்லாரும் தட்டினார்கள். அரசாங்கத்தின் முயற்சியால் மக்கள் கண்முன்னே ஒரு மணி நேரத்தில் எழுந்த பாலம் என்று மறுநாள் படத்தோடு பத்திரிகையில் வந்தது. படத்தில் சூசை நிஜமாகவே வக்கீல் மாதிரிதான் இருந்தார்.

நாடாவை வெட்டி, ஈரப் பலகையில் வழுக்கி, சூசையின் தோளைப் பிடித்துக்கொண்டு மந்திரி இக்கரைக்கு வந்தார். ஜிப்பா முழுக்கச் செதிள். நல்ல மனநிலையில் இருந்தார். "உங்களுக்கு என்ன வேணும்? பறயு" என்று சூசையிடம் கேட்டார்.

ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. தெரசம்மை மட்டும், "சொல்லும் ஓய், வாயெத் தொறந்து சொல்லும்" என்று பல்லைக் கடித்தாள்.

"கயிறு" என்றார் சூசை.

மந்திரி ஆபீசரைப் பார்த்தார். ஆபீசர் அட்டென்ஷனில் நின்று, "நிவாரணத்தில கயிறு இல்லா சார். பாலத்துக்கு மாத்திரம் உண்டு" என்றார்.

"அப்போ பாலம் எப்பவும் உண்டாகட்டும்" என்று சொல்லிவிட்டு மந்திரி அடுத்த ஊருக்குப் போய்விட்டார்.

பாலம் இருக்கிறது

அன்றிலிருந்து வருஷா வருஷம் மழைக்கு முன்னால் ஒரு லாரி கயிறு வந்தது. பாலத்தைப் பராமரிப்பதற்கு. எங்கள் ஊரில் ஒரு கட்டுமரம்கூடக் கயிறில்லாமல் கிடந்ததில்லை. மலைக்குப் போனவர்களில் இரண்டு குடும்பம் திரும்பி வந்தது. சூசை கடலை விட்டு எங்கும் போகவில்லை.

நிரந்தரப் பாலம் வரவில்லை. எப்படி வரும்? பாலம்தான் ஏற்கெனவே இருக்கிறதே. காவல் போனது, ஆபீசரும் மாற்றலாகிப் போனார், பாலத்தைக் கட்டி வைக்க வேண்டிய அவசியமும் போயிற்று. வெள்ளிக்கிழமை கோட்டாற்றுக்குப் போகும்போதும் திங்கட்கிழமை வரும்போதும் நான் இடுப்பளவு தண்ணீரில் இறங்கித்தான் நடந்தேன். ஒரு மழைக்காலம் முழுக்க எனக்குச் சளி விடவில்லை. தெரசம்மையின் மீன்கடவமும் அதே தண்ணீரைத்தான் தாண்டியது.

பிறகு எங்கள் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. கொடியேற்றி மிட்டாய் கொடுத்தோம். கொஞ்ச நாளில், ஒரு வெள்ளிக்கிழமை காலையில், திருநெல்வேலிப் பக்கத்து ஆபீசர் ஒருவர் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். பழைய அரசாங்கம் ஒப்படைத்த சொத்துகளைப் பார்வையிட வந்தவர். கால்சராயைத் தொடைவரை சுருட்டியிருந்தார். பூட்ஸ் கழுத்தில் தொங்கியது. சொட்டச் சொட்ட நனைந்திருந்தார்.

"இங்கே ஒரு மிதவைப் பாலம் இருக்கணுமே டீச்சர்?" என்றார்.

தெரசம்மை அப்போது அங்கே மீன் கணக்குச் சொல்லிக்கொண்டு என்னோடு நின்றாள். என்னையே பார்த்தாள். அவளிடம் சத்தம் இல்லாதது அதுதான் இரண்டாவது தடவை.

எனக்கு அந்தத் தண்ணீர் அலுத்துப்போயிருந்தது. பாலம் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் சிமெண்டுப் பாலம் வந்தாலும் வரலாம். கயிறு கட்டாயம் நின்றுவிடும். வெளியே கடலில் பாய்கள் தெரிந்தன. அதில் எது சூசையுடையது என்று எனக்கே அடையாளம் தெரியும். நிவாரண வேட்டியில் போட்ட சிவப்பு ஒட்டு. அன்றைக்கு எனக்கு அப்பா ஞாபகம் வந்தது.

"ஆமா சார், இருக்கு. கடலுக்குப் போயிருக்கு. கொஞ்சம் உக்காருங்க, வந்துரும்" என்றேன்.

தெரசம்மைக்குக் குரல் திரும்பி வந்துவிட்டது. "பாலத்துல இன்னைக்கு நல்ல சாளை கெடைச்சிருக்கும் சாரே. வீட்டுக்குக் கொண்டு போவியளா?"

கொண்டு போனார். மத்தியானம் எங்கள் ஆட்கள் பழைய வேகத்தில் கட்டிக் கொடுத்த பாலத்தில், ஓலைப் பொட்டலத்தில் சாளையோடு, பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் பூட்ஸ் நனையாமல் நடந்து போனார். பாலம் நல்ல நிலையில் இருப்பதாக எழுதிக்கொண்டார். ஊருக்கு அன்று திருவிழா மாதிரி இருந்தது.

சாயங்காலம் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டு, கோட்டாற்றுக்குப் போகப் பையைத் தூக்கிக்கொண்டு கால்வாய்க்கரைக்கு வந்தேன். பாலத்தை அவிழ்த்திருந்தார்கள். தடிகள் வரிசையாக மணலில் உலர்ந்துகொண்டிருந்தன. அக்கரையில் அவருடைய ஜீப் கிளப்பிய புழுதி இன்னும் அடங்கவில்லை.

"கொஞ்சம் முந்தி வரப்பிடாதா டீச்சரே? பாலத்துலயே போயிருக்கலாம்லா!" என்று கரையில் நின்று சிரித்தாள் தெரசம்மை.

சேலையைத் தூக்கிச் சொருகி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நான் தண்ணீரில் இறங்கினேன்.